92 டிகிரி காட்டினால் மடிக்கணினியை அணைக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் கல்லூரிப் பணிக்காக மடிக்கணினியில் வீடியோ எடிட்டிங் செய்கிறாள். வெப்பத்தைக் காட்டும் மென்பொருளில் பிராசசரின் வெப்பநிலை 92 டிகிரி செல்சியஸ் என்று வந்ததைக் கண்டு, உடனே அணைக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு இவ்வளவு அருகில் போவது ஆபத்தில்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அணைத்திருக்கத் தேவையில்லை. இன்றைய மடிக்கணினிகளில் உள்ள இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரியையும், ஏஎம்டி ரைசன் வகைகள் பலவற்றுக்கு 95 அல்லது 100 டிகிரியையும் தயாரிப்பாளர்களே உச்ச வரம்பாக வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பை எட்டும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் கணினி தானாகவே அணைந்துவிடும்.

ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த வேலையின்போது அது வந்தது என்று பார்க்க வேண்டும். சும்மா திறந்து வைத்திருக்கையில் 40 முதல் 50 டிகிரியும், இணையம் பார்க்கையில் 50 முதல் 65 டிகிரியும், வீடியோ எடிட்டிங், கேம் போன்ற கனமான வேலைகளில் 80 முதல் 95 டிகிரியும் பொதுவாகக் காணப்படுபவை. ஒரு மென்பொருளைத் திறந்த கணத்தில் 85-க்குத் தாவிச் சில நொடிகளில் இறங்குவதும் இயல்பே. விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது என்பதால், திருச்சியின் மே மாதத்தில் இந்த எண்கள் சில டிகிரி கூடத்தான் செய்யும். அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்களின் கையேடுகள் சொல்வது நம் கோடையை நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

எந்த வேலையும் கொடுக்காதபோதே வெப்பம் 75 டிகிரிக்கு மேல் நின்று விசிறி ஓயாமல் இரைந்தாலோ, வேலையின் நடுவே கணினி திடீரென்று அணைந்தாலோதான் கவலைப்பட வேண்டும். முதலில், இயங்கும் மென்பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னணியில் ஏதேனும் மென்பொருள் பிராசசரை விழுங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கலாம். பழைய கணினியாயின், பிராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கவும் கூடும். இரண்டும் சர்வீஸ் கடையில் சரியாகக்கூடியவை. மெத்தையின் மேல் வைத்து வேலை செய்தால் அடிப்பகுதித் துளைகள் மூடிக்கொள்ளும் என்பதால், கூலிங் பேட் (அடியில் வைக்கும் விசிறித் தட்டு) வாங்கும் முன் மேசையில் வைத்து, பின்புறத்தைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம்.

பிராசசரைவிட எனக்கு அச்சம் தருவது பேட்டரிதான். பிராசசருக்குச் சாதாரணமான சூட்டை லித்தியம் அயன் பேட்டரி தாங்காது. நீடித்த வெப்பத்தில் அதன் ஆயுள் குறையும், சில வேளைகளில் உப்பவும் செய்யும். டச்பேட் மேலெழும்பினாலோ, அடிப்பகுதி மேசையில் சமமாக அமராமல் ஆடினாலோ, வெப்பநிலை எத்தனை டிகிரி காட்டினாலும் உடனே அணைத்துச் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை அழுத்தாமலும் நீங்களே பிரிக்காமலும் சர்வீஸ் மையத்தில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.