100 கோடி எப்படி 244 கோடி ஆனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜவுளிப் பூங்கா ஒன்றின் திட்ட அறிக்கையில், 'துணிக்கான தேவை 100 கோடி ரூபாய் கூடினால் மாநிலத்துக்கு 244 கோடி பலன்' என்றிருக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் உற்பத்திக்கு மற்றத் துறைகளிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் தேசிய உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணையை வைத்துப் போட்ட கணக்காம். நம்பலாமா?

– ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கும். 'பலன்' என்றதுதான் தப்பு.

அதே 244 வருகிற மாதிரி, இரண்டே துறைகளோடு ஒரு கற்பனை அட்டவணை போடுவோம். 1 ரூபாய் விளைச்சலுக்கு 20 காசு வேளாண் பொருளும் 10 காசு ஜவுளியும் செலவாகின்றன. 1 ரூபாய் ஜவுளிக்கு 30 காசு பருத்தி, 40 காசு நூலும் துணியும். இந்த அட்டவணை முறையை வகுத்த பொருளியலாளர் லியோன்டிஃப் காட்டிய வழியில், அலகு அணியிலிருந்து (unit matrix) இந்தக் கெழுக்களை, அதாவது ரூபாய்க்கு இத்தனை காசு என்ற விகிதங்களை, கழித்து நேர்மாறு (inverse) எடுத்தால், 100 கோடித் துணிக்கு வேளாண் உற்பத்தி 66.7 கோடி, ஜவுளி உற்பத்தி 177.8 கோடி. மொத்தம் 244.

இதில் பருத்தி விலை நூலுக்குள்ளும், நூல் விலை துணிக்குள்ளும் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கிறது. கூலி, வட்டி, லாபம் என்று வருமானமாகிறது வேளாண்மையில் ரூபாய்க்கு 70 காசு, ஜவுளியில் 30 காசு. பெருக்கினால் 46.7, 53.3. கூட்டினால் 100, போட்டதுதான் வந்தது! அந்த வருமானத்தில் குடும்பங்கள் செய்யும் செலவையும் அட்டவணைக்குள் இழுத்தால் கூடும். இழுத்திருந்தால் அறிக்கை அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, கசிவு. தமிழக மில்களுக்குப் பருத்தி பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா பக்கமிருந்துதான் வருகிறது. தேசிய அட்டவணைக்கு அது உள்நாட்டுச் சரக்கு, மாநிலத்துக்கோ வெளிச்சரக்கு. பாதிதான் வெளியிலிருந்து என்று தாராளமாக வைத்து 30 காசை 15 ஆக்கினாலே உற்பத்தி 204 ஆகிறது. மாநிலத்தில் தங்கும் வருமானம் 74. மீதி 26 கோடி பருத்திக்காரருக்கு.

அந்த 100 கோடி கடை விலையா, ஆலை விலையா என்றும் பாருங்கள். கடை விலையென்றால் ஜி.எஸ்.டி.யைக் கழித்து, வியாபாரி லாபத்தை வணிக வரிசைக்கும் லாரி வாடகையைப் போக்குவரத்து வரிசைக்கும் மாற்றிய பிறகே பெருக்கியை, அதாவது 100-ஐ 244 ஆக்கிய அந்த 2.44 மடங்கைத் தொடலாம். அட்டவணை எந்த ஆண்டுடையது என்பதும் முக்கியம். 2007-08 அட்டவணையில் 130 துறைகள். பிறகு வந்த அளிப்பு-பயன்பாட்டு அட்டவணைகளில் (எந்தப் பொருள் எங்கிருந்து வந்து எங்கே செலவாகிறது என்று காட்டுபவை) 140 பொருள்கள், 66 தொழில்கள். பழைய அட்டவணையென்றால் இன்றைய ரூபாயை அந்த ஆண்டு விலைக்கு இறக்க வேண்டும்.

அறிக்கையில் வேலைவாய்ப்பு எண்ணும் இருந்தால், அதில் எனக்கு நம்பிக்கை இன்னும் குறைவு. கோடிக்கு இத்தனை பேர் என்பது பழைய தறிகளும் சேர்ந்த சராசரி. புதுப் பூங்காவில் ஓடப்போவது தானியங்கி எந்திரங்கள். அறிக்கை எழுதியவர்களிடம், மாநிலத்துக்கான கெழுவை எப்படிப் பிரித்தார்கள், அந்த ஆள்கணக்கை எந்த ஆலையில் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.