மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும், அதோடு சேர்ந்து வந்த 18-55, 55-250 லென்ஸ்களும் இருக்கின்றன. மாடித் தோட்டத்தில் செம்பருத்தி, கறிவேப்பிலை, அவற்றுக்கு வரும் பூச்சிகளைக் கிட்டத்தில் எடுக்க ஆசை. கடையில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்தான் வழி என்கிறார்கள். அது எனக்குக் கட்டுப்படியாகாது. நாலு க்ளோசப் ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டும் பெருக்குக் கண்ணாடி) அடங்கிய செட் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் 55-250-தான் சரக்கு. அதன் முன்னால் மாட்ட நல்ல க்ளோசப் லென்ஸ் ஒன்று வாங்கினால் போதும்.

பலரும் க்ளோசப் கண்ணாடியைச் சின்ன லென்ஸில் மாட்டிப் பார்த்துவிட்டு, இது தேறாது என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். லென்ஸின் குவியத் தொலைவை (அதன் மேல் மி.மீ.-இல் போட்டிருக்கும் எண்) மீட்டரில் எடுத்து, கண்ணாடியின் டயாப்டரால் (+4 என்பது போல எழுதியிருக்கும் அதன் திறன்) பெருக்கிப் பாருங்கள். லென்ஸ் இன்ஃபினிட்டியில், அதாவது வெகுதொலைவுக்கு ஃபோகஸ் ஆகி, இருக்கும்போது கிடைக்கும் உருப்பெருக்கம் அதுதான். +4 கண்ணாடியை 55-இல் மாட்டினால் 0.22 மடங்கு. ஒன்றும் மாட்டாமலே உங்கள் 18-55 அதைவிட நெருங்கி எடுக்கும். அதே +4-ஐ 250-இல் மாட்டினால் சரியாக 1, அதாவது மேக்ரோ லென்ஸுக்குக் காசு கொடுத்து வாங்கும் அந்த 1:1. பொருள் அதன் அசல் அளவிலேயே சென்சாரில் (படம் பதியும் சில்லு) விழும். உங்கள் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ.; ஒரு சென்டிமீட்டர் தேனீ ஏறக்குறைய பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் தேனீக்கும் நடுவே கால் மீட்டர் இடைவெளி இருப்பதால் அது மிரளாது, உங்கள் நிழலும் விழாது.

மலிவு செட்டில் இருப்பவை பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடிகள். நடுவில் தெளிவாக இருக்கும். ஓரத்து இதழைச் சுற்றி ஊதாவும் பச்சையும் கோடு கட்டும். +10 என்று ஒன்று தருவார்கள், அதைத் தொடவே வேண்டாம். கேட்டு வாங்க வேண்டியது ‘அக்ரோமேட்’ வகை: ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து, அந்த நிறக் கோட்டைக் குறைத்தது. ரேனாக்ஸ் டிசிஆர்-150 உங்களுக்குப் பொருந்தும்: +4.8, க்ளிப் போல 52 முதல் 67 மி.மீ. வரை மாட்டலாம், உங்கள் லென்ஸ் 58. அதன் அண்ணன் டிசிஆர்-250 (+8) இரண்டு மடங்கு தரும். ஆனால் பழகாத கைக்குப் பூச்சியை ஃபிரேமுக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. கேனானின் 500டி க்ளோசப் லென்ஸும் நல்லதுதான், +2. அதே பெயரில் ஒரு கேமராவும் உண்டு. ஆர்டர் போடும் முன் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

எடுக்கும்போது ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்து ஃபோகஸ் பிடியுங்கள். 1:1-இல் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப்11 வரை சுருக்கினாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பகுதிதான் தெளிவாக விழும். கண் தெளிந்தால் போதும், சிறகு மங்கினால் மங்கட்டும். கேமராவின் சொந்த ஃப்ளாஷை எழுப்பி, ஷட்டரை 1/200-இல் வையுங்கள். பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டில் லென்ஸ் நுழைய ஓட்டை போட்டு மாட்டினால் வெளிச்சம் பரவி விழும். தனி ஃப்ளாஷ் வாங்குவதானால், முதலில் ஹாட் ஷூவின் (கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடுவில் உலோகப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். 1500டி-யில் அது இல்லாமல் வருவது உண்டு. அதில் மலிவான மேனுவல் ஃப்ளாஷ் எரியாது.

பழக ஆரம்பிக்கக் கறிவேப்பிலைப் புழுவே நல்லது. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு பறவை எச்சம் போல இலையில் ஒட்டிக் கிடக்கும், வளர்ந்தால் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டும். ஓடவும் ஓடாது.

கேள்வி: ‘ஆட்டோஃபோகஸ் எக்ஸ்டென்ஷன் டியூப்’ (கிட்டத்தில் எடுக்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வளையம்) என்று போட்டிருந்ததை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது வெறும் உலோக வளையம். கேமரா எஃப்00 என்று காட்டுகிறது. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். (வாசகி, கோவை)

பதில்: வளையத்துக்குள் பொன்னிறத் தொடுபுள்ளிகள் இல்லையென்றால் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளாது. கேனான் இஎஃப் லென்ஸின் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவதால், அது முழுக்கத் திறந்தே நிற்கும். விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாற்று வாங்கினால் 50 மி.மீ. லென்ஸுக்கு வாங்குங்கள்: 25 மி.மீ. வளையம் அதன் உருப்பெருக்கத்தில் 0.5 கூட்டும். 250-இல் 0.1-தான்.

கேள்வி: மொபைலில் மாட்டும் க்ளிப் லென்ஸ் உருப்படியா? (வாசகர், திருவாரூர்)

பதில்: பூவுக்குச் சரி. சில சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருப்பதால், பறக்கும் பூச்சி காத்திருக்காது. மெயின் கேமராவின் மேல் சரியாக உட்காருமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ கேமரா’ இருக்கிறது என்பதற்காக மட்டும் புது மொபைல் வாங்க வேண்டாம்.