பசி இல்லாத நேரத்திலும் சாப்பாடு வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 47. கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட் மாத்திரைகளை அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிச் சாப்பிடுகிறேன். எடை குறைய, ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று மாதங்களாக வாரம் ஒரு முறை செமாக்ளூடைட் ஊசியும் போட்டுக்கொள்கிறேன். 84 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்துவிட்டேன். பசியே இல்லை. காலையில் தே தாரிக், மூன்று பிஸ்கட். மதியம் கொஞ்சம் ரசம் சோறு. இரவில் ஒரு தோசை, சில நாள் அதுவும் இல்லை. புரட்டாசி விரதம் என்பதால் மீன், முட்டை கிடையாது. முடி கொட்டுகிறது, படி ஏறினால் கால் தளர்கிறது. மாலையில் எல்.ஆர்.டி.யில் வீடு திரும்பும்போது கை நடுங்கி வியர்க்கிறது. எடை குறைகிறதே என்று பொறுத்துக்கொள்கிறேன். இப்படியே இருக்கலாமா? தீபாவளிப் பலகாரம் தொடலாமா?

பதில்: இப்படியே இருக்கக் கூடாது, அம்மா. முடியையும் காலையும் பிறகு பார்ப்போம்; என்னைக் கவலைப்படுத்துவது அந்த மாலை நேர நடுக்கம்தான்.

அது பெரும்பாலும் இரத்தச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறி. செமாக்ளூடைட் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அரிது, மெட்ஃபார்மினும் அப்படித்தான். கிளிக்லசைட் வேறு வகை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். முன்பு மூன்று வேளை சோறு சாப்பிட்டவருக்கு எழுதிய அளவு, இன்று பிஸ்கட்டில் பொழுதை ஓட்டுபவருக்கு அதிகம். மாத்திரை ஓரிடம், ஊசி ஓரிடம் என்று வாங்குபவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதே இல்லை. இரண்டு மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒருவரைப் பாருங்கள். கிளிக்லசைட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கலாம்.

அதுவரை கைப்பையில் குளுக்கோஸ் மாவோ ஒரு சிறிய பழச்சாறுப் பெட்டியோ இருக்கட்டும். நடுக்கம் வந்தால் விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வசதி இல்லாவிட்டால், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மூன்று தேக்கரண்டி போதும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். குயே, பிஸ்கட் எல்லாம் அந்த நேரத்துக்கு உதவாது. இந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. திடப்பொருள் இரத்தத்தில் சேர நேரமாகும்.

இனி சாப்பாடு. ஊசி உங்கள் பசியைத்தான் குறைத்தது, உடலின் தேவையை அல்ல. நீங்கள் எழுதிய பட்டியலில் புரதம் 15 கிராம் தேறினால் அதிகம். உங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். அது கிடைக்காதபோது கொழுப்போடு தசையும் கரைகிறது. படியில் கால் தளர்வது அதனால்தான் இருக்க வேண்டும். (சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த அளவு மாறும். சர்க்கரை நோயாளி என்பதால் அந்தப் பரிசோதனை முடிவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வராது. கடிகாரத்தைப் பார்த்து நான்கைந்து முறை, கையளவு சாப்பிடுங்கள். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில். இரண்டு வாயில் வயிறு நிறைந்துவிடும் உங்களுக்கு அந்த இரண்டு வாயும் ரசம் சோறாக இருப்பது வீண்.

புரட்டாசியில் உங்களுக்குக் கைகொடுப்பது டெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி. நூறு கிராமில் சுமார் 19 கிராம் புரதம். நம் வீடுகளில் அதை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பார்கள். உங்களுக்கு அது குமட்டும். துண்டாக்கி, மஞ்சள், மிளகு போட்டுக் கொஞ்சம் எண்ணெயில் வதக்குங்கள். கெட்டியான தோஃபு, சர்க்கரை சேர்க்காத சோயா பால், கெட்டித் தயிர், அவித்த கொண்டைக்கடலை எல்லாம் சேரலாம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். நாம் வைக்கும் சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம். கரண்டியை அடியில் விட்டுப் பருப்பை அள்ளுங்கள். இவ்வளவும் செய்தாலும் சைவத்தில், இந்தப் பசியில், 60 கிராமை எட்டுவது கடினம். புரதப் பொடி ஒரு கரண்டி சேர்ப்பதில் தவறில்லை. விரதம் முடிந்ததும் கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை இரண்டில் 12 கிராம் கிடைக்கும். கெம்போங் மீனும் நல்லது. தே தாரிக் வேண்டாம், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ குடியுங்கள்.

சாப்பிடாதபோது தண்ணீரும் குறைந்துபோகும், மலச்சிக்கல் வரும். சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள், பப்பாளி சாப்பிடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள். நடை நல்லதுதான், ஆனால் தசையைக் காக்க அது மட்டும் போதாது.

முடி பெரும்பாலும் திரும்ப வளரும். எடை வேகமாகக் குறைந்த சில மாதங்களில் இப்படிக் கொட்டுவது வழக்கம். இரும்புச் சத்து, தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தாலே பி12 குறையலாம். அதில் நீங்கள் மீன், முட்டையும் நிறுத்தியிருக்கிறீர்கள். ஊசியின் அளவைக் கூட்டும் பேச்சு வந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிட முடியாதவருக்கு அளவைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மேல்வயிற்றில் விடாத வலி வந்து முதுகுக்குப் பரவினால், கண் மஞ்சளானால், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தீபாவளிக்கு ஒரு முறுக்கு, பாதி அதிரசம் சாப்பிடலாம். ஊசி போட்ட மறுநாள் மட்டும் வேண்டாம். அன்று எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் கிடந்து படுத்தும்.