நான்கு இடங்களைத் தெரிவு செய்வது எப்படி?

வணக்கம் அக்கா,

நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் ஆண்டு. உயிரியல், இரசாயனவியல், கணிதம் எடுத்திருக்கிறாள். பதினோராம் ஆண்டில் எழுதிய ஜீ.சி.எஸ்.ஈ. பரீட்சையில் ஆறு பாடங்களில் அதியுயர் 9, மூன்றில் 8, ஆங்கிலத்தில் மட்டும் 7. மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். என் தம்பி ஒரு வைத்தியசாலையில் சிறப்பு வைத்தியர். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் தன்னோடு வரட்டும் என்கிறான். செப்டெம்பர் கடைசியில் அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டோம். விண்ணப்பத்துக்கான கட்டுரையை எழுதித் தர ஒரு ரியூசன் நிலையம் 600 பவுண் கேட்கிறது. கொடுக்கலாமா? ஐந்து தெரிவுகளிலும் மருத்துவமே போடலாமா? ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டையும் போடலாம்தானே?

ஒரு தாய், ஹரோ

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் இருந்தாலும் நான்கில்தான் மருத்துவம் போடலாம். ஐந்தாவது வேறு பாடமாக இருக்க வேண்டும், அல்லது வெறுமையாக விடலாம். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒரே வருடத்தில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். 600 பவுணை வங்கியிலேயே வைத்திருங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மருத்துவபீட அனுமதிக்கான யூகாட் பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்குக் கவலை தந்தது அதுதான். மகளின் பெறுபேறுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதே பெறுபேறுகளோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் யாரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவது என்பதைப் பெரும்பாலான மருத்துவபீடங்களில் யூகாட் புள்ளிதான் தீர்மானிக்கிறது.

வழக்கமாக மே மாதத்தில் கணக்குத் திறந்து, ஜூனில் திகதி பதிந்து, ஜூலைக்கும் செப்டெம்பர் இறுதிக்கும் இடையில் பரீட்சை மையத்தில் கணினியில் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒரு முறைதான். 2025இலிருந்து வடிவங்களை வைத்துக் கேட்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் நான்கு பகுதிகள்: வாசித்து விளங்கும் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்விகள், தர்க்கத்தில் 37 நிமிடத்தில் 35, கணக்கில் 26 நிமிடத்தில் 36, சூழ்நிலைத் தீர்ப்பில் 26 நிமிடத்தில் 69. முதல் மூன்றும் சேர்ந்து அதிகபட்சம் 2700 புள்ளி. கடைசிப் பகுதிக்குப் புள்ளி இல்லை, ஒன்று முதல் நான்கு வரை தரம் கொடுப்பார்கள். நான்காம் தரம் வந்தவர்களை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள் பல.

44 கேள்விக்கு 22 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு அரை நிமிடம். கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். பாடசாலையில் முழுப் பந்தியையும் வாசித்து விளங்கிய பிறகு விடை எழுதிப் பழகியவர்கள் அவர்கள். இங்கே கேள்வியை முதலில் பார்த்து, அதிலுள்ள ஒரு பெயரையோ ஆண்டையோ பந்தியில் தேடிப் பிடித்து, அந்த இரண்டு வரியை மட்டும் வாசிக்க வேண்டும். தவறான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். அதனால் நேரத்தை இழுக்கும் கேள்விக்கு ஏதாவது ஒரு விடையைத் தெரிவுசெய்து, பிறகு திரும்பிப் பார்க்கத் திரையில் கொடி அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். கணக்குப் பகுதியில் திரையில் வரும் கல்குலேட்டரை மௌஸால் குத்திக்கொண்டிருந்தால் நேரம் ஓடிவிடும். மடிக்கணினியில் பழகுகிற பிள்ளைக்கு எண் பலகை உள்ள பெரிய விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுங்கள். யூகாட் தளத்திலேயே முழு மாதிரிப் பரீட்சைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறு முதல் எட்டு வாரம், நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். கடைசி இரண்டு வாரத்தில் முழுப் பரீட்சையாகச் செய்து பார்க்க வேண்டும். பரீட்சை அன்று காய்ச்சல் என்றால் எழுதப் போக வேண்டாம், வேறு திகதி எடுக்கப் பாருங்கள். உட்கார்ந்து எழுதிவிட்டுப் பிறகு சுகமில்லை என்று சொன்னால் எடுபடாது.

அரங்கேற்றத்துக்கு வருவோம். செப்டெம்பர் கடைசி என்பது மிக மோசமான நேரம். யூகாஸ் கடைசி நாள் ஒக்டோபர் 15 மாலை 6 மணி என்றாலும், மருத்துவத்துக்குப் போடும் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் தங்கள் சொந்தக் கடைசி நாளைப் பெரும்பாலும் செப்டெம்பரிலேயே வைத்துவிடுகின்றன. மகள் பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பம் யூகாஸுக்குப் போவதில்லை. பாடசாலைக்குத்தான் போகிறது. அவர்கள் பரிந்துரையையும் எதிர்பார்க்கும் பெறுபேறுகளையும் சேர்த்து அனுப்பினால்தான் அது போய்ச் சேரும். மண்டபத்தை மாற்ற முடியாது என்றால், யூகாட்டை ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் பாதியிலோ முடித்துவிடச் சொல்லுங்கள். சலங்கையோடு யூகாட் எழுதப் போக வேண்டாம்.

சீக்கிரம் எழுதுவதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. புள்ளி ஒரு நாளுக்குள் கையில் கிடைத்துவிடும். அதாவது, எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கும்போது மகளுக்குத் தன் புள்ளி தெரியும். எங்கள் சனம் இதைப் பயன்படுத்துவது குறைவு. பெயர் பெற்ற நான்கு பல்கலைக்கழகங்களை ஜனவரியிலேயே மனதில் எழுதிவிட்டு, ஒக்டோபரில் அதே நான்கையும் போட்டு, மார்ச்சில் நான்கு மறுப்புகளோடு அழுகிறார்கள். ஒவ்வொரு மருத்துவபீடமும் வடிகட்டும் முறை வேறு. நியூகாசில் போன்றவை யூகாட் புள்ளிக்குப் பெரிய இடம் கொடுத்து வந்திருக்கின்றன. பர்மிங்காம், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் போன்றவை ஜீ.சி.எஸ்.ஈ.க்கும் யூகாட்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டு வந்திருக்கின்றன. ஜீ.சி.எஸ்.ஈ. நல்லதாகவும் யூகாட் நடுத்தரமாகவும் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது வகைதான் வழி. இந்த விதிகள் வருடா வருடம் மாறும். ஆகவே பழைய மாணவர் சொன்னதைக் கேட்காமல், அந்த வருடத்துக்கான அனுமதிப் பக்கத்தை நேரடியாக வாசித்து ஓர் அட்டவணை போடுங்கள்: கேட்கும் ஏ லெவல் பெறுபேறு, ஜீ.சி.எஸ்.ஈ.க்கு என்ன கணக்கு, யூகாட்டில் கடந்த வருடம் நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கீழ் எல்லை, நான்காம் தரத்தை ஏற்பார்களா. சில இடங்கள் கீழ் எல்லையை வெளியிடுவதில்லை. மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். மூன்று இடங்கள் மகளின் புள்ளிக்கு நன்றாகப் பொருந்தட்டும். நான்காவதில் ஆசைப்படட்டும்.

தம்பியோடு இரண்டு வாரம் போகட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அதற்குப் பெரிய மதிப்பும் இல்லை. வைத்தியரின் பின்னால் நடந்து பார்த்ததை மருத்துவபீடங்கள் நம்பி இருப்பதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வைத்தியர் மாமா இருக்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், ஆறு மாதம் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்டு செய்த பிள்ளைக்கு நேர்முகத்தில் பேச நிறைய இருக்கும். இல்லங்கள் பின்னணிச் சரிபார்ப்பும் அறிமுகக் கடிதங்களும் கேட்கும், அதற்கே சில வாரம் போகும். எனவே இப்போதே எழுதிப் போடுங்கள். குடும்ப வைத்தியர்களின் சங்கம் நடத்தும் ‘ஒப்சேர்வ் ஜீ.பி.’ என்ற இலவச இணையப் பயிற்சி 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டு. அதையும் செய்யட்டும்.

போய்வந்த அன்று இரவே நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். ‘பரிவின் முக்கியத்துவத்தைக் கற்றேன்’ என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. ‘மறதி நோயுள்ள ஒரு அம்மா சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பராமரிப்பாளர் தொலைக்காட்சியை நிறுத்தி, முட்டிபோட்டு அவர் கண் மட்டத்துக்கு வந்து, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்தார். அம்மா சாப்பிட்டார்’ என்று எழுதினால், அந்தப் பிள்ளை பார்க்கத் தெரிந்த பிள்ளை என்று வாசிப்பவருக்கு விளங்கும்.

இப்போது அந்த 600 பவுண். 2026 அனுமதியிலிருந்து நீண்ட ஒற்றைக் கட்டுரை இல்லை. மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், படிப்பு உங்களை எப்படித் தயாராக்கியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளிகளோடு சேர்த்து மொத்தம் 4000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. முதியோர் இல்லம் மூன்றாவதில் வரும், ஏ லெவல் இரசாயனவியல் இரண்டாவதில். அதையே மாற்றி மாற்றி எழுதி இடத்தை வீணாக்கக்கூடாது. வந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நகலைப் பிடிக்கும் மென்பொருளை யூகாஸ் வைத்திருக்கிறது. நிலையத்தார் பல பிள்ளைகளுக்கு ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்திருந்தால் மகளும் அகப்படுவாள். அதைவிட, பல இடங்களில் இந்த எழுத்துக்கு மதிப்பெண்ணே போடுவதில்லை. நேர்முகத்தில் அதிலிருந்து கேள்வி கேட்பதுதான் நடக்கும். வேறொருவர் எழுதிய வரியைப் பற்றி அவள் என்ன சொல்வாள்? அரங்கேற்றத்துக்கு ஒன்றரை வரி போதும். ‘குழுவாக இயங்கக் கற்றேன்’ என்று எழுத வேண்டாம், தனி ஆளாகத்தானே ஆடுகிறாள்.

நேர்முகங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை நடக்கும். பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிறு சுற்றுகள், ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு நிமிடம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தடுமாறும் ஒரு சூழ்நிலைக் கேள்வி உண்டு. ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டி. மொழிபெயர்க்க மகள் வந்திருக்கிறார். ‘புற்றுநோய் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள், உடைந்துபோவார்’ என்கிறார். நம் வீடுகளில் இது சாதாரணம், அதனால் பிள்ளை உடனே தலையாட்டிவிடும். எதிர்பார்ப்பது வேறு: மகளின் பயத்தைக் காது கொடுத்துக் கேட்பது, வெளியிலிருந்து தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று பாட்டியிடமே கேட்பது. பாட்டி ‘எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகளிடம் பேசுங்கள்’ என்றால் அதுவும் அவருடைய உரிமை. அம்மம்மாவுக்காக ஜீ.பி.யிடம் தமிழும் ஆங்கிலமுமாகப் பேசிப் பழகிய பிள்ளையாக இருந்தால், அந்த அனுபவத்தில் எது தவறிப்போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பிரித்தானிய வைத்தியர்களைப் பதிவுசெய்யும் மருத்துவப் பேரவையின் ‘நல்ல மருத்துவ நடைமுறை’ வழிகாட்டியை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

ஐந்தாவது தெரிவில் கவனம் தேவை. உயிர்மருத்துவ அறிவியலைப் போட்டு, அதைக் காப்புத் தெரிவாக, அதாவது முதல் தெரிவு தவறினால் போகும் இடமாகப் பிடித்துவைத்தால், மருத்துவத்துக்கான பெறுபேறு தவறியதும் ஆகஸ்டில் அங்கே இடம் உறுதியாகிவிடும். அதைப் படிக்க உண்மையிலேயே மனம் இருந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். ஒரு வருடம் பொறுத்து மறுபடி விண்ணப்பிக்கத்தான் நினைக்கிறாள் என்றால் காப்புத் தெரிவே வேண்டாம். கையில் ஏ லெவல் பெறுபேறோடு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு எதிர்பார்ப்புப் பெறுபேறு என்ற கேள்வியே இல்லை. யூகாட் மட்டும் புதிதாக எழுத வேண்டும். ஏ லெவலை மறுபடி எழுதியவர்களை எடுக்காத இடங்களும் உண்டு. மேலே சொன்ன அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தியை ஒதுக்கிவிடுங்கள்.