தண்டலுக்குத் தவறாதவர் கணக்குக்குத் தவறுவது ஏன்?

கேள்வி: கீழக்கரைக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரை ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வயது 34. அப்பா முதுமையால் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விற்பனை குறையவில்லை; ஆனால் கையில் பணம் நிற்பதில்லை. நாள்தோறும் வசூலிக்கும் தண்டல் கடன் ஒன்று முடிவதற்குள் அடுத்ததை வாங்கிவிடுகிறேன். இரவு வெகுநேரம் கைபேசி பார்த்துவிட்டு எட்டு மணிக்கு எழுவதால், பல நாள் கரையில் ஏலம் முடிந்துவிடுகிறது. நான்கு மணிக்கு எழுவேன், உடற்பயிற்சி செய்வேன் என்று பலமுறை சபதம் எடுத்தும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "உன்னிடம் ஒழுங்கு இல்லை" என்கிறார் மச்சான். தொழிலை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் மச்சான் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நம் பக்கத்துத் தண்டலில் வழக்கமாகப் பத்தாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பார்கள். மழை பெய்தாலும், மீன் பாடு இல்லாவிட்டாலும், வீட்டில் துக்கமே நேர்ந்தாலும் அந்த நூறு ரூபாயை நீங்கள் எடுத்துவைத்துவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் அடுத்த தண்டல் உங்களுக்குக் கிடைத்திருக்காது. நூறு நாள் தொடர்ந்து ஒரு காரியத்தைத் தவறாமல் செய்பவரை ஒழுங்கற்றவர் என்று எப்படிச் சொல்வது? தண்டலுக்கு வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், உங்கள் சொந்தக் கணக்குக்கு யாரும் வந்து நிற்பதில்லை என்பதே வேறுபாடு. உங்கள் சிக்கல் மன உறுதியில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

அந்தத் தண்டலின் விலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், ஆயிரம் ரூபாய்ப் பிடித்தம் ஆண்டுக்கு எழுபது விழுக்காட்டைத் தாண்டும் வட்டியாகிறது. கருவாட்டில் கிடைக்கும் இலாபம் எதுவும் இதைத் தாங்காது.

இனி காலை நேரத்துக்கு வருகிறேன். நான்கு மணிக்கு எழும் சபதம் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்காக யாரோ சொன்னது. நாட்டுப்படகு காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கரை சேருமே தவிர, கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. ஆகவே மறுநாள் படகுகள் எப்போது வரக்கூடும் என்பதைக் கரையில் இருப்பவர்களிடம் மாலையிலேயே கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் படுக்கைக்குப் போகும் நேரத்தை முடிவு செய்யுங்கள். கைபேசியை வேறு அறையில் மின்னேற்றம் செய்யுங்கள். உடற்பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். கூடை தூக்குகிறவருக்கு அது அவசரமில்லை.

ஏலத்தைத் தவறவிடுவதால் விலை மட்டும் ஏறுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கும் மீன், உப்புக்குள் போவதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடுகிறது. நெத்திலியைப் போன்ற சிறுமீனில் இது இன்னும் வேகமாக நடக்கும். தாமதமாகக் காயப்போட்ட மீனுக்கு உச்சி வெயில் பாதிதான் கிடைக்கிறது, மாலை ஈரம் ஏறுகிறது, சரியாகக் காயாத சரக்கு மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடிக்கிறது அல்லது செவந்துபோகிறது. வாடைக்காலத்தில், வெயிலே அருமையாகக் கிடைக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இந்த இழப்பு இரட்டிப்பாகும். சந்தையில் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதற்கான காரணம் முந்தைய இரவு பதினொரு மணிக்கு உங்கள் கையில் இருந்த கைபேசியாக இருக்கலாம்.

மாலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில் விளக்கு வைத்தவுடன், சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன், அன்றைய வாங்கல், விற்பனை, உப்பு, கூலி, வண்டி வாடகை, வீட்டுக்கு எடுத்தது ஆகியவற்றை நோட்டில் எழுதி, அதை அப்பாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தம் சொல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தண்டல்காரரைப் போல, காத்திருக்கும் ஒருவர் உங்களுக்குத் தேவை. அவர் கடிந்துகொண்டால் மனைவியிடமோ அக்காவிடமோ படியுங்கள். வீட்டுச் செலவுக்கு வாரம் ஒரு தொகையை ஊதியம்போல எடுத்துக்கொண்டு, நடுவில் கல்லாவில் கை வைப்பதை நிறுத்துங்கள்.

ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நோட்டை மூடிவிட வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் பதிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருமுறை தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. நீங்கள் ஏழாம் நாளில் உங்களுக்கே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

இப்போதுள்ள தண்டலை முடியுங்கள், அடுத்ததை வாங்காதீர்கள். முடிந்த மறுநாளிலிருந்து அதே நூறு ரூபாயை அதே நேரத்தில் தனியாக எடுத்துவைத்து, வாரம் ஒருமுறை வங்கியில் போடுங்கள். கொடுத்துப் பழகிய கைக்கு அது பாரமாகத் தெரியாது. முதல் போதாவிட்டால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை வங்கிக் கடன் கேட்கலாம். அந்த மேசையில் உங்கள் நோட்டு உங்களுக்காகப் பேசும்.

வளைகுடாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் பச்சை மீன் வரத்து குறைந்து, கருவாட்டுக்குக் கேட்பு கூடும். அதற்கான சரக்கை மாசி, பங்குனியிலேயே காயவைத்து இருப்பு வைத்தவருக்கே அந்த விலை கிடைக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தை முழுக் கணக்கோடு நடத்திப் பாருங்கள். ஜூன் மாதம் நோட்டைக் கூட்டிப் பார்க்கும்போது, உங்கள் உழைப்புக்குரிய கூலிகூட மிஞ்சவில்லை என்று தெரிந்தால், தயங்காமல் கடவுச்சீட்டை எடுங்கள்; அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதுவரை விசாவுக்காக யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.