பத்து வட்டியும் நெகேமியாவும்

அன்புள்ள அண்ணாச்சி,

நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. எங்கள் சர்ச்சை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கும் ஒருவர் சபைப் பெண்களுக்குப் பத்து வட்டிக்குப் பணம் கொடுக்கிறார். புருஷனை இழந்த ஒரு அக்காவின் ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் உதவித்தொகையை அவரே எடுத்துக்கொள்கிறார். ஞாயிறன்று வேதபாடம் வாசிப்பதும் அவர்தான். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு என் மகள் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கணுமே என்ற பயம். தைரியம் தாரும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வரவில்லை.

எஸ்.

அன்புள்ள தங்கச்சி,

பைபிளில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பஞ்சம். தானியத்துக்காக நிலத்தை அடகு வைத்தவர்களும், பெற்ற பிள்ளைகளை அடிமையாக விட்டவர்களும் வந்து அழுகிறார்கள். கடன் கொடுத்தது அந்நியர் அல்ல, சொந்த ஜனம். வாங்கிய வட்டி நூற்றுக்கு ஒன்று. அந்த ஒரு வட்டிக்கே, யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியாவுக்கு அவ்வளவு கோபம்! ஆனாலும் உடனே கத்தவில்லை, 'என் மனதிலே ஆலோசனைபண்ணி' என்கிறார். பிறகு பிரபுக்களை நேரே கடிந்துகொள்கிறார், சபையைக் கூட்டுகிறார். தானும் கடன் கொடுத்திருப்பதை அங்கே மறைக்கவில்லை. இதே மனுஷன்தான் இரண்டாம் அதிகாரத்தில் ராஜாவுக்கு முன்னால் மிகவும் பயந்ததாகச் சொல்கிறார். நின்ற இடத்திலேயே ஒரு ஜெபம், அடுத்து பேச்சு. நடுவில் பயம் போய்விட்டது என்று எழுதவே இல்லை.

எனக்கு எட்டு வயசிருக்கும். வட்டிக்காரர் எங்கள் வாசலில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நின்றார். அம்மா கோயிலுக்கென்று கைப்பிடி அரிசி போட்டுவைக்கும் டப்பாவை அடுப்புக்குப் பின்னால் ஒளித்தாள். அப்போது சபை ஊழியரான உபதேசியார் வந்தார். குடை பிடித்திருந்த அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். "அசலுக்கு மேலேயே வட்டி வாங்கியாச்சி. நோட்டை எடும், கூட்டிப் பாப்பம்" என்றார். வந்தவர் அவரையும் கண்டபடி ஏசினார். உபதேசியார் நகரவில்லை. கடைசிவரை நோட்டு வெளியே வரவில்லை, சைக்கிள்தான் திரும்பிப் போனது.

கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில், நெல்லை கலெக்டர் ஆபீஸில் கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என ஒரு குடும்பமே தீக்குளித்தது. அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் ஜெபித்தோம். வட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

முதலில் அந்த அக்காவிடம் பேசுங்கள். அவர் சம்மதமில்லாமல் அவர் கதையைச் சபையில் வைக்காதீர்கள். பேங்கில் சொன்னால் பழைய கார்டை முடக்கிப் புதுசு தருவார்கள், கூடப் போங்கள். வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். பிறகு இரண்டு மூன்று பேராகச் சபைப் போதகரான ஐயரைப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். அவர் தட்டிக்கழித்தால் போலீஸில் எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள்.

மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள். ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறும் உங்கள் கோயிலுக்கு வந்துவிடுகிறேன்.