பலாலிக்கு நீளமான ஓடுபாதை வேண்டும், சரி. யாருடைய காணியில்?

கேள்வி: பலாலி விமான நிலையத்தைப் பெரிதாக்கினால் யாழ்ப்பாணமே மாறிவிடும். காணி, காணி என்று தடுப்பவர்கள் அபிவிருத்திக்கு எதிரிகள் அல்லவா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: இல்லை. விமான நிலையம் பெரிதாக வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. கனடாவிலிருந்து வருகிற பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு குடும்பமே வான் பிடித்து, இரவிரவாக ஏழெட்டு மணி நேரம் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடி, பிறகு அதே தூரம் திரும்பி வருகிற கொடுமை இன்னும் எத்தனை காலத்துக்கு? பலாலியை 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்ற சென்னை விமானம் 2022 டிசெம்பரில்தான் திரும்ப வந்தது, 2025 மார்ச்சில் திருச்சியும் சேர்ந்தது. ஆனால் வந்துபோவது எழுபது, எழுபத்தைந்து பேர் ஏறுகிற ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன விமானம். நூற்றெண்பது பேர் ஏறும் ஏ320 ஜெட் விமானம் நிறைந்த சுமையோடு எழும்ப 2,000 மீட்டருக்கு மேல் ஓடுபாதை வேண்டும். போடத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றி இருப்பது சும்மா கிடந்த பற்றைக்காடு அல்ல. வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, மயிலிட்டி என்று வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைந்த செம்மண் தோட்டங்கள், கிணறுகள், கோயில்கள். 1990இல் போருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு எழும்பி ஓடியவர்களில் பலர் காணி உறுதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போனார்கள். உறுதி இன்னும் கையில் இருக்கிறது, காணிக்குள் போகத்தான் முடியவில்லை. இராணுவம் பிடித்து வைத்த காணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், உண்மை. எல்லாவற்றையும் விடவில்லை.

ஓடுபாதைக்குத் தேவையான காணி வேறு, உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் வளைத்து வைத்திருக்கிற காணி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'விரிவாக்கம்' என்று சொல்வதைத்தான் அந்தச் சனம் எதிர்க்கிறது. அரசாங்கம் நில அளவைப் படத்தை வெளியிடட்டும்: ஓடுபாதை எங்கே முடியும், அதற்கப்பால் பாதுகாப்புக்கு எத்தனை மீட்டர் விட வேண்டும், அதற்குள் யார் யாருடைய காணி அகப்படுகிறது. அகப்படுகிறவருக்கு இன்றைய சந்தை விலை, அல்லது அவர் சம்மதிக்கிற மாற்றுக் காணி. மிச்சத்தை இந்தப் போகத்துக்கு முதலே விடட்டும்.

சுன்னாகத்திலிருந்து வசாவிளான் எட்டிப்பிடிக்கிற தூரம். அங்கே காணி இழந்த ஒருவரிடம் போய்க் கேளுங்கள். அவருடைய பிள்ளையும் வெளிநாட்டில்தான் இருக்கும், பலாலியில் வந்து இறங்க வேண்டும் என்று உங்களைவிட அவருக்குத்தான் ஆசை கூட.